வாசல் சரிவும் வாடகைக் கேரவனும்

போன ஆடி மாதம் எங்கள் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஒரு வீட்டையே ஓட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்கு வந்துவிட்டார். டெம்போ டிராவலர் வண்டிக்குள் கட்டில், சின்ன அடுப்படி, கை கழுவும் தொட்டி, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்து வாடகைக்கு விடுகிறார்களாம். நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் வண்டிதான். அதனால் வண்டி தெருவுக்குள் நுழைந்ததுமே பின்னால் ஏழெட்டுப் பையன்கள். "தாத்தா, உள்ள யாரு இருக்கா?" என்று ஒருவன் கேட்டான். "எம் பேத்திதாம்ல இருக்கா" என்றேன். முகம் தொங்கிப் போய்விட்டது அவனுக்கு.

ஆலங்குளத்தில் இரண்டு நாள், குற்றாலத்தில் இரண்டு நாள், பிறகு செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி வாகமண் வரைக்கும் போவதாகத் திட்டம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதன் பிறகு வாகமணில் இந்த வண்டிகள் நின்று தங்குவதற்கென்றே ஓர் இடமும் அமைந்தது. மாப்பிள்ளை அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். அவர் படிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. மாமனார் வீட்டு வாசலின் சரிவு.

எங்கள் தெரு பன்னிரண்டு அடி அகலம். காலையில் பள்ளிக்கூட வேன் வரும், தண்ணீர் வண்டி வரும். தெருவில் நிறுத்த முடியாது. எனவே வண்டியைப் பின்பக்கமாக ரிவர்ஸ் எடுத்து எங்கள் ராம்ப்பில் ஏற்றினார். பின் பம்பர் சிமெண்டில் லேசாக உரசியது. பின் சக்கரங்கள் காம்பவுண்டுக்குள்ளே மேட்டில், முன் சக்கரங்கள் கேட்டுக்கு வெளியே பள்ளத்தில், மூக்கு தெருவில். பழக்க தோஷத்தில் நான் பின் சக்கரங்களுக்குப் பள்ளத்துப் பக்கமாக ஆளுக்கொரு கல் கொடுத்தேன். "ஹேண்ட் பிரேக் இருக்கு மாமா" என்றார். "இருக்கட்டும் மாப்ளே, கல்லும் இருக்கட்டும்" என்றேன்.

அன்று இரவு பேரனும் பேத்தியும் வண்டியில்தான் படுப்போம் என்று ஒரே பிடிவாதம். பெற்றவர்களும் கூடப் படுத்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால், பின்பக்கக் கட்டிலில் படுத்த பிள்ளைகள் இருவரும் மெத்தையோடு சறுக்கி நடுவழிக்கு வந்துசேர்ந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்தால் தானாகவே முழுக்க ஓடித் திறந்துகொண்டது. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி நின்றது, ஓட்டைப் பக்கம் போகவே மாட்டேன் என்றது. என் மகள், "அப்பா, ராத்திரி பூரா மலையில தொங்குன மாதிரி இருந்திச்சு" என்றாள்.

"முன்னால ஜாக்கி வச்சுத் தூக்கிட்டா மட்டமாயிரும் மாமா" என்றார் மாப்பிள்ளை. நான் காய்கறி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "வந்து பார்ப்போம், அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். இளவட்டங்களிடம் கை வைக்காதே என்றால் எது நடக்குமோ அது நடந்தது.

நான் பையோடு தெருமுனை திரும்பும்போது முன் சக்கரம் ஒன்று தரையை விட்டு ஒரு சாண் மேலே நின்றது. அடியில் ஒரு பாட்டில் ஜாக்கி. ஜாக்கிக்கு அடியில் சரிந்த சிமெண்ட். நான் கூப்பிட வாய் திறப்பதற்குள் ஜாக்கி சாய்ந்து, வண்டியின் முன்பக்கம் 'தொம்' என்று இறங்கி, வண்டி தெருவைப் பார்த்து நகர்ந்தது. அதிகமில்லை, ஒரு சாண் தூரம். பின் சக்கரம் கல்லில் முட்டி நின்றது. உள்ளே பேத்தி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்புறம் பார்த்தால் ஹேண்ட் பிரேக் பாதிதான் இழுத்திருந்தது, கியரிலும் விடவில்லை.

எதிர் வீட்டுத் திண்ணையில் ஆச்சி மடியில் பீடித்தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எண்பது வயது. வண்டியின் மூக்குக்கும் அவள் திண்ணைக்கும் நடுவில் ஐந்தாறு அடி இருந்தால் அதிகம். அவள் எழுந்திருக்கவில்லை, சத்தமும் போடவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ தம்பி, மழைக்கு ஒங்க வீட்டுல இருந்து தண்ணி வருது, சரி. இனும வண்டியும் வருமா?"

நான் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில் ஓவர்சியராக இருந்தவன். கால்வாய், மடை, கலுங்கு என்று மட்டம் பார்த்தே சம்பளம் வாங்கியவன். என்னைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. அதற்குப் பதில் எழுதத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் வண்டிக் கதையை முடித்துவிடுகிறேன். இப்போது இந்த மாதிரி வண்டிகள் பெருகிவருகின்றன, யாருக்காவது பயன்படும்.

வண்டியை மட்டப்படுத்துவது என்று இறங்குவதற்கு முன்னால், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இதற்குக் கொத்தனாரின் ரசமட்டமே போதும். (பெயரில்தான் ரசம். கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது பாதரசம் இல்லை, ஸ்பிரிட்டும் ஒரு காற்றுக் குமிழியும்தான்.) நாலு அடி நீள மட்டப்பலகை ஒன்றை வண்டித் தரையில் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை பள்ளத்துப் பக்கம் பலகையின் நுனியைத் தூக்குங்கள். தூக்கிய நுனிக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று அளங்கள். எங்களுக்கு 6 அங்குலம் வந்தது. நாலு அடிக்கு 6 அங்குலம் என்றால் 8-க்கு 1 சரிவு.

இனி வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம். மாப்பிள்ளை கொண்டுவந்தது 3350 மில்லிமீட்டர் வண்டி, அதாவது 11 அடி. 11 அடியை 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16½ அங்குலம். முன் சக்கரங்கள் இரண்டையும் பதினாறரை அங்குலம் உயர்த்தினால்தான் வண்டி மட்டமாகும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரம் அது. இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் படிக்கட்டைகள் நாலைந்து அங்குலம்தான் தூக்கும். செங்கல் அடுக்கினால் நொறுங்கும். ஜாக்கி டயர் மாற்றுவதற்காகச் செய்த சாமான், அதன்மேல் வண்டியை நிறுத்திவைத்து ஆட்கள் உள்ளே படுப்பதற்கு அது செய்யப்படவில்லை. ஆகவே கணக்கு என்ன சொல்கிறது? இந்த இடத்தில் வண்டி மட்டமாகாது, வேறு இடம் பார் என்கிறது. இந்த ஒரு கணக்கை முதலில் போட்டிருந்தால் அன்று காலை ஜாக்கியே வெளியில் வந்திருக்காது.

இன்னொன்று. இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். இன்ஜின் இழுப்பதும் பின் சக்கரத்தைத்தான். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் பிரேக்கும் போச்சு, கியரில் விட்ட பலனும் போச்சு. எனவே சரிவில் நிறுத்துவதானால் மூக்கு பள்ளத்தைப் பார்த்து இருக்கட்டும். அப்போது உயர்த்த வேண்டியது முன் சக்கரமாக இருக்கும், பின் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை ரிவர்ஸில் ஏற்றியது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. நேராக ஏற்றியிருந்தால் அவர் பின் சக்கரத்துக்குத்தான் ஜாக்கி வைத்திருப்பார், அந்தக் கதையை நான் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வண்டிக்கு மட்டம் எதற்கு, ராத்திரி கொஞ்சம் சறுக்கினால் என்ன என்று கேட்கலாம். தூக்கம், தண்ணீர் வடிதல் இரண்டையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஃப்ரிட்ஜ். வெளிநாட்டுக் கேரவன்களில் கேஸில் ஓடும் ஒருவகை ஃப்ரிட்ஜ் உண்டு. அதில் கம்ப்ரசர் கிடையாது. அமோனியாக் கலவை சூட்டில் மேலே ஏறி, தன் எடையிலேயே கீழே வழிந்து வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது வழியில் தேங்கிவிடும், நாள்பட்டால் குழாய் அடைத்து ஃப்ரிட்ஜே போய்விடும். எங்கள் வண்டியில் இருந்தது கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், அதனால் பிழைத்தது.

அன்று மத்தியானம் தெரிந்தவருடைய ரைஸ் மில்லுக்குப் போய்க் கேட்டேன். அறுவடைக் காலம் இல்லை, நெல் காயப்போடும் களம் சும்மாதான் கிடந்தது. "தாராளமா நிப்பாட்டுங்க சார்வாள்" என்றார். சிமெண்ட் களத்திலும் மழைத் தண்ணீர் ஓட லேசாகச் சரிவு வைத்திருப்பார்கள். நூறுக்கு ஒன்று இருந்தது. 11 அடிக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சென்ட்ரிங் பலகையை இரண்டாக வெட்டி முன் சக்கரத்துக்கு ஒன்றாகப் போட்டு ஏற்றினோம். முதலில் இட வலம் பார்த்தோம், பிறகு முன் பின். குமிழி நடுவில் நின்றது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தோம். கியர், ஹேண்ட் பிரேக் இரண்டையும் மாப்பிள்ளையே எனக்கு இரண்டு தடவை காட்டினார். அன்று ராத்திரி குற்றாலத்துப் பக்கம் சாரல், இங்கே அதன் காற்று மட்டும். ஆலங்குளத்துக்கு ஆடியில் வருவது அதுதான். பிள்ளைகள் விடியும்வரை படுத்த இடத்திலேயே படுத்திருந்தார்கள்.

வண்டி பிரச்சினை அரை மணி நேரத்தில், ஒரு பலகையில் முடிந்துபோனது. ஆச்சி கேட்ட கேள்வி அப்படி முடியவில்லை.

இந்த வீட்டை என் அப்பா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வர வேண்டும். அப்போது தெரு மண்தான். பிறகு சரள் கொட்டினார்கள், தார் போட்டார்கள், அதன்மேல் தார், அதன்மேல் சிமெண்ட். பழசைச் சுரண்டாமல் புதுசைப் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? தெரு வளரும். மூன்று படி இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. 2009-ல் நான் வீட்டை இடித்துக் கட்டியபோது உஷாராகிவிட்டேன். தெரு இன்னும் ஏறத்தான் செய்யும், நாம் முந்திக்கொள்வோம் என்று தரைமட்டத்தை இரண்டு அடி உயர்த்தினேன். சென்னையில் பள்ளத்தில் போன வீடுகளை அடியில் வரிசையாக ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள் என்று பேப்பரில் படங்கள் வரும். அந்தக் கஷ்டம் நமக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். ஓவர்சியர் மூளை.

வீடு உயர்ந்தது. கார் ஏற வேண்டுமே? இரண்டு அடி ஏற்றத்துக்கு 8-க்கு 1 சரிவு என்றால் 16 அடி நீளம் வேண்டும். கேட்டுக்கு உள்ளே 12 அடிதான் இருந்தது. மிச்சம் நாலு அடியை எங்கே வைத்தேன்? தெருவில். நம் வாறுகால் மேலே கான்கிரீட் போட்டு மூடி, தண்ணீர் போக நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, அதையும் தாண்டித் தெருவுக்குள் நீட்டினேன். கொத்தனார் அன்றைக்கே கேட்டார், "சார், வாறுகாலுக்கு நாலு இஞ்சு பைப் தாங்குமா?" "எல்லாம் தாங்கும், போடும்" என்றேன். அரசாங்க வேலையில் ஒரு மடைக்கு நாலு அங்குலக் குழாய் போட்டிருந்தால் நானே பிடுங்கி எறியச் சொல்லியிருப்பேன்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு இடித்துக் கட்ட வசதி இல்லை. அவள் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. தெரு ஏறியதில் இப்போது தெருவிலிருந்து ஒரு படி கீழே இறங்கித்தான் அவள் வீட்டுக்குள் போக வேண்டும். என் வீடு மேட்டில், அவள் வீடு பள்ளத்தில். நடுவில் என் சரிவு, நேராக அவள் நடையைப் பார்த்து.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. ஆலங்குளத்தில் அந்த அளவுக்குப் பெய்யவில்லை என்றாலும், பெய்தது போதும். என் மொட்டைமாடித் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர் எல்லாம் ராம்ப் வழியாக இறங்கி ஓடியது. வாறுகாலில் வந்த தண்ணீர் என் நாலு அங்குலக் குழாயில் தென்னை ஓலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துத் திரும்பித் தெருவில் ஏறியது. இரண்டும் சேர்ந்து எங்கே போகும்? தண்ணீருக்கு வழிசொல்ல ஆள் வேண்டாம், ஆயிரம் அடிக்கு ஒரு அடி சரிவு கிடைத்தாலே போய்ச்சேரும். நான்தான் எட்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறேனே. ஆச்சி வீட்டுப் பட்டாசலில் முழங்காலுக்குத் தண்ணீர். பீடி இலை மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் போய்ச் சாக்கு கொடுத்தேன், என் மனைவி காப்பி கொடுத்தாள். "என்ன மழை, என்ன மழை!" என்று மழையைத் திட்டிவிட்டு வந்தேன். அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் போல வைத்திருந்து, வண்டி நகர்ந்த அன்றைக்குத்தான் சொன்னாள்.

இனி என் அபிப்பிராயம்.

நம் ஊர்த் தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள், வாகனத்தில் வேண்டாம். வீட்டுக்கு வீடு ஒரு ராம்ப். ஒருவருடையது மூன்றடி, அடுத்தவருடையது ஐந்தடி. ஒருவர் டைல்ஸ் போட்டிருப்பார், மழைக்கு வழுக்கும். பன்னிரண்டு அடித் தெருவில் இரண்டு பக்கமும் நாலு நாலு அடி போனால் மிச்சம் நாலு அடி. ஆம்புலன்ஸ் வந்தால் தெருமுனையில் நிற்கும், ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குக் காரணம் யார் என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து பஞ்சாயத்தைக் கை காட்டுவோம்.

பஞ்சாயத்து மேலும் நகராட்சி மேலும் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. தெருவை மேலே மேலே போட்டு வளர்த்தது அவர்கள்தான். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று அறிவுறுத்தினார். அதைப் படித்தபோது நான் கைதட்டாத குறை. நம் தெருவில் வேலை நடக்கும்போது சுரண்டுகிறார்களா என்று நின்று பார்க்க வேண்டும், சுரண்டாவிட்டால் கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்களுக்கு வேறு என்ன வேலை? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தெரு வளர்ந்தது அவர்களால். அந்த வளர்ச்சியின் கஷ்டத்தை எதிர்வீட்டுக்குத் தள்ளிவிட்டது நான்.

"எல்லாரும்தானே போட்டிருக்காங்க?" என்பார்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லாரும் போட்டதால்தான் வாறுகால் தெரு முழுக்க மூடிக் கிடக்கிறது, தூர்வார ஆள் வந்தாலும் இறங்க இடமில்லை. "இடம் இல்லையே, எங்கே வைப்பது?" என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. ஒன்றரை சென்டில் வீடு கட்டியவருக்கு உள்ளே பதினாறு அடி எங்கிருந்து வரும்? அவருக்கு நான் சொல்வது, வண்டி ஏறும் நேரத்துக்கு மட்டும் போட்டு எடுக்கிற இரும்புத் தகட்டுச் சரிவு. பைக்குக்கு அது தாராளம். கார் என்றால், காருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார் வாங்க வேண்டும். தெருவைப் பார்த்துவிட்டு வாங்கக்கூடாது. இது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் பக்கம் நின்று பார்த்தால் அவ்வளவு கடுமையாகத் தெரியாது.

வயதானவர்களுக்காக, சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் வைப்பதை இதோடு சேர்க்கவே கூடாது. அது வேண்டும். ஆனால் அதற்கு நம் நாட்டு விதி சொல்லும் சரிவு 12-க்கு 1. நாம் காருக்கு வைக்கும் எட்டுக்கு ஒன்றும் ஆறுக்கு ஒன்றும் எந்தச் சக்கர நாற்காலிக்கும் உதவாது. நம் தெரு ராம்ப் எதுவும் அவர்களுக்காகப் போட்டது இல்லை.

குற்றாலத்துக்கும் இதே பேச்சுதான். சீசனில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கே பார்த்தாலும் சரிவில் வேனும் பஸ்ஸும். டிரைவர் டயருக்குக் கல் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து வந்து கல்லை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுப்பார். அந்தக் கல்லில் பின்னால் வரும் பைக்காரன் ஏறுவான். பத்து வண்டிக்கு மட்டமான தரை, ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு இறங்க ஒரு தொட்டி இருந்தால் போதும், கேரவன்காரர்கள் வாகமணுக்குப் போகும் வழியில் இரண்டு நாள் நம் பக்கமும் தங்கிச் செலவழிப்பார்கள். களத்து மேட்டில் ஒரு பலகையில் முடிந்த காரியம்தானே இது?

மாப்பிள்ளை குடும்பம் கிளம்பிய மறுவாரம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அன்றைக்குக் குழாய் போட்ட அதே கொத்தனார்தான், இப்போது தலை நரைத்திருந்தது. "கேட்டுக்கு வெளிய இருக்கிறத பூரா ஓடைச்சிரும்" என்றேன். "சார், தெருவுல யாரும் ஓடைக்கலையே?" என்றார். "அதான் மொதல்ல நாம ஓடைப்போம்."

வெளியே இருந்த நாலு அடியும் போனது. அந்த நாலு அடியைக் காம்பவுண்டுக்கு உள்ளே நீட்டினோம். அதற்காகத் துவைக்கிற கல்லையும், என் மனைவி பத்து வருஷமாக வளர்த்த பிச்சிக் கொடியையும் எடுக்க வேண்டிவந்தது. கல்லுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொடிக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாறுகாலைத் திறந்துவிட்டு, கார் போக மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி கனத்த கம்பி ஜாலி போட்டோம். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு சின்ன வாறுகால் வெட்டி, ராம்ப்பில் இறங்கும் மழைத்தண்ணீர் தெருவுக்குப் போகாமல் எங்கள் மழைநீர்த் தொட்டியில் விழுகிற மாதிரி செய்தோம். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது அப்பா வெட்டிய தொட்டி அது. திறந்து பார்த்தால் கழுத்துவரை மண். அதையும் அள்ளினோம். எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய். பதினைந்து வருஷமாக ஆச்சி வீட்டுக் கணக்கில் எழுதிவைத்திருந்த தொகை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி திண்ணையிலிருந்து, "என்ன தம்பி, ரிட்டயர் ஆயும் மட்டம் பாக்கியா?" என்றாள்.

"இப்பத்தான் ஆச்சி ஒழுங்காப் பாக்கேன்" என்றேன்.

ஐப்பசியில் மழை வந்தது. பெரிய மழை இல்லை. ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாறுகாலில் தண்ணீர் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி வீட்டு நடை நனைந்திருந்தது, ஆனால் அது மேலேயிருந்து விழுந்த மழைதான். தெருவில் மற்ற ராம்ப்புகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு பேர் வந்து ஜாலி எங்கே செய்தது, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுப் போயிருக்கிறார்கள். செய்வார்களா, தெரியாது. நீங்களும் ஒருநாள் மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் போய் நின்று பாருங்கள். உங்கள் தண்ணீர் யார் வீட்டைப் பார்த்துப் போகிறது என்று தெரிந்துவிடும்.